என்டர் தட்டுவதற்கு முன்...



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது அண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கு என்ன வருமோ அதை எழுதுடா" என்றார். எனக்கு வருவதெல்லாம் லேபில் சர்வர் பக்கத்தில் உட்கார்ந்து சாருக்குக் கூடமாட வேலை செய்வதுதான். எனவே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலைக்குக் கைகொடுக்கும் சில மென்பொருள் கருவிகளைப் பற்றி, நான் கற்றுக்கொண்ட அளவில் எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள்க.

சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பவர் யார்? ஓர் அலுவலகத்திலோ கல்லூரியிலோ உள்ள கம்ப்யூட்டர்கள், சர்வர், நெட்வொர்க், அவற்றில் உள்ள தகவல்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கப் பார்த்துக்கொள்பவர். கரண்ட் இருக்கும்போது லைன்மேனை யாராவது நினைக்கிறோமா? அதே கதைதான் இவருக்கும். அமெரிக்காவில் டெட் கெகாட்டோஸ் என்ற சிஸ்டம் நிர்வாகி, தன் இனத்தாருக்கும் ஒரு நாள் நன்றி சொல்லட்டுமே என்று 2000-ஆம் ஆண்டில் ஒரு நாளைத் தொடங்கி வைத்தார். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை அந்த நாள். டிப்ளமோ முடித்ததும் நம்மில் சிலருக்குக் கிடைக்கக்கூடிய முதல் வேலை இதுவாகவும் இருக்கலாம்.

நான் செய்த தவறு

கருவிகளைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு அறிவுரை சொன்னால் லேபில் பாதிப் பேர் சிரிப்பார்கள்.

போன வருடம் பிப்ரவரி மாதம். நான் நாலாவது செமஸ்டர். சர்வரின் பாஸ்வேர்டை சார் என்னை நம்பிச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் நான். அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாஸ்வேர்டு என்றால் அம்மாவுக்குப் புரியவில்லை. "சாவி மாதிரிம்மா" என்றேன். "அப்ப பத்திரமா வச்சுக்கோ" என்றார்கள்.

சர்வரின் டி டிரைவில் இறுதி ஆண்டு மாணவர்கள் 11 குழுக்களின் புராஜெக்ட்டுகள் ஒரே ஃபோல்டரில் இருந்தன. புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டி, அதற்கு இ என்று பெயர் கொடுத்து, "டியில இருக்கிறதை இக்கு ஒரு காப்பி எடுத்து வை, நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்றார் சார். சாதாரணமாக காப்பி, பேஸ்ட் போட்டிருக்கலாம். எனக்குத்தான் வித்தை காட்டும் ஆசை. இ டிரைவில் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டரை உண்டாக்கிவிட்டு, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற கட்டளையை அடித்தேன். கூடவே எம்ஐஆர் என்ற ஸ்விட்சையும் சேர்த்தேன். எம்ஐஆர் என்றால் கண்ணாடி. மூலத்தில் உள்ளது உள்ளபடியே சேருமிடத்தில் இருக்க வேண்டும், மூலத்தில் இல்லாதது சேருமிடத்தில் இருந்தால் அழித்துவிட வேண்டும் என்பது அதன் பொருள்.

முதலில் எழுத வேண்டியது மூலம், அடுத்தது சேருமிடம். நான் மாற்றி எழுதிவிட்டேன். காலி ஃபோல்டர் மூலமாயிற்று. பதினோரு குழுவின் உழைப்பு சேருமிடமாயிற்று. திரையில் "எக்ஸ்ட்ரா ஃபைல்", "எக்ஸ்ட்ரா ஃபைல்" என்று வரிவரியாக ஓடியது. அழிக்கப் போகிற ஃபைலைத்தான் அது அப்படிச் சொல்லும் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு வேகமா காப்பி ஆகுது பாரு என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு நிமிடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: "தம்பி, எங்க ஃபோல்டரைக் காணோமே?"

வயிற்றைக் கலக்கியது. அடுத்து நான் செய்தது முதல் தவறை விடப் பெரியது. பதற்றத்தில் அழிந்ததை மீட்கும் ஒரு மென்பொருளை இறக்கி, அதையும் அதே டி டிரைவிலேயே நிறுவினேன்! சார் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். திட்டவில்லை. "முதல்ல கீபோர்டுல இருந்து கையை எடு" என்று மட்டும் சொன்னார்.

அழிந்த ஃபைல் எங்கே போகிறது?

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் அது உடனே மறைந்துவிடுவதில்லை. ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து ஓர் அத்தியாயத்தின் பெயரை மட்டும் அடித்துவிட்ட மாதிரி. அத்தியாயம் உள்ளே அப்படியே இருக்கும். ஆனால் "இந்தப் பக்கங்கள் காலி, யாரும் எழுதலாம்" என்று கணக்காகிவிடும். அதன் மேல் புதிதாக ஒன்றை எழுதினால்தான் பழையது உண்மையாகவே போகும். நான் அதே டிரைவில் மென்பொருளை நிறுவியது அந்தப் பக்கங்களின் மேல் மையைக் கொட்டியதற்குச் சமம்.

ஆகவே எதையாவது தவறி அழித்துவிட்டால் முதல் மருந்து, அந்த டிரைவில் எதையும் எழுதாமல் நிறுத்துவது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். இதற்கு டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டையும் எழுதியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே. டெஸ்ட்டிஸ்க், தொலைந்த பார்ட்டிஷனையும் அழிந்த ஃபைலையும் பல நேரங்களில் பெயரோடு மீட்டுத் தரும். ஃபோட்டோரெக் டிஸ்க்கை அடியிலிருந்து அலசி ஃபைலின் உருவத்தை வைத்துப் பிடிக்கும். ஆனால் பழைய பெயர் இருக்காது, வெறும் எண்தான் இருக்கும். எஸ்எஸ்டி வகை டிஸ்க்காக இருந்தால் இவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. டிரிம் என்ற ஏற்பாட்டின் மூலம் அழித்த இடத்தை அது சீக்கிரமே துடைத்துவிடும்.

எங்களுடையது பழைய ஹார்ட் டிஸ்க். அதனால் பத்துக் குழுக்களின் ஃபைல்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தன. ஒரு குழுவின் ரிப்போர்ட் மட்டும் வரவில்லை. அந்தக் குழுவின் அக்காவிடம் பென் டிரைவில் இரண்டு வாரத்துக்கு முந்தைய நகல் ஒன்று இருந்தது. மிச்சத்தை ஹாஸ்டலில் நாலு ராத்திரி உட்கார்ந்து மறுபடி டைப் அடித்தார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடு தம்பி. அடுத்த தடவை என்டர் தட்டுறதுக்கு முன்னாடி, அடிச்சதை ஒரு தடவை வாய்விட்டுப் படி" என்றார்கள். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் மந்திரம் சொல்வதாகக் கேலி செய்கிறார்கள்.

அதற்குப் பிறகு கருவிகளை நான் இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டேன். பார்க்கும் கருவிகள், மாற்றும் கருவிகள். பார்ப்பதை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மாற்றும் கருவியில் கை வைக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

பார்க்கும் கருவிகள்

1. பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க ஒலி அனுப்பி எதிரொலி கேட்பார்கள் அல்லவா, அந்த ஓசைதான் இந்தப் பெயர். "நெட் வரலை சார்" என்று யாராவது சொன்னால் உடனே கேபிளைப் பிடுங்க வேண்டாம். படிப்படியாகப் பிங் செய்யுங்கள். முதல் படி 127.0.0.1, அதாவது நம் கம்ப்யூட்டரே. இரண்டாவது படி ரூட்டரின் முகவரி. மூன்றாவது படி வெளியுலகில் உள்ள 8.8.8.8. நான்காவது படி ஏதாவது ஒரு வலைத்தளத்தின் பெயர். எந்தப் படியில் வழுக்குகிறதோ அங்கேதான் கோளாறு. மூன்றாவது படி சரி, நான்காவது மட்டும் இல்லை என்றால் கேபிள் மேல் குற்றமில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் தகராறு செய்கிறது. ஒரு எச்சரிக்கை: ஃபயர்வால் தடுத்தாலும் பிங்குக்குப் பதில் வராது. பதில் இல்லை என்பதாலேயே கம்ப்யூட்டர் செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்.

2. ஐபிகான்ஃபிக். நம் கம்ப்யூட்டருக்கு எந்த முகவரி கிடைத்திருக்கிறது என்று காட்டும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராததால் கம்ப்யூட்டர் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டதால் எனக்கு மிச்சமான நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

3. சிஸ்இன்டர்னல்ஸ். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் என்ற இரண்டு நண்பர்கள் 1996-இல் தொடங்கிய கருவித் தொகுப்பு. 2006-இல் மைக்ரோசாஃப்ட் இதை வாங்கியது. இப்போதும் இலவசம்தான். இதில் உள்ள புராசஸ் எக்ஸ்புளோரர், டாஸ்க் மேனேஜருக்கு அண்ணன் மாதிரி. "இந்த ஃபைல் பயன்பாட்டில் உள்ளது, அழிக்க முடியாது" என்று விண்டோஸ் அடம்பிடிக்கும்போது, எந்த புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று இதில் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆட்டோரன்ஸ் என்பது இன்னொன்று. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாகக் கிளம்பும் அனைத்தையும் பட்டியல் போடும். சந்தேகமானதை அழிக்க வேண்டாம், டிக் அடையாளத்தை மட்டும் எடுங்கள். தவறாகப் போனால் மறுபடி டிக் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ருசினோவிச்தான் 2005 அக்டோபரில் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார். தன் கம்ப்யூட்டரில் ஒளிந்திருந்த ஒரு புரோகிராமைத் தானே எழுதிய கருவி காட்டிக்கொடுக்க, அது எங்கிருந்து வந்தது என்று துருவிப் பார்த்தார். சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் ஒரு பாட்டு சிடியிலிருந்து வந்தது! காப்பி எடுப்பதைத் தடுக்க அவர்கள் சொல்லாமல் நுழைத்தது. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்து, அந்த சிடிகளை அவர்கள் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பார்க்கும் கருவிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

4. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் டாக்டர். டிஸ்க் தன்னைத்தானே கவனித்து எழுதி வைக்கும் குறிப்புகளை இது படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். மஞ்சள் வந்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள். சிவப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

5. என்மேப், வயர்ஷார்க். கார்டன் லயன் 1997-இல் வெளியிட்ட என்மேப், நெட்வொர்க்கில் எந்தெந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது, எந்தெந்தக் கதவு திறந்திருக்கிறது என்று காட்டும். 2003-இல் வந்த மேட்ரிக்ஸ் ரீலோடட் படத்தில் கதாநாயகி பயன்படுத்துவது இதைத்தான். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-இல் ஈத்தரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006-இல் பெயர் மாறிய வயர்ஷார்க், கம்பியில் ஓடும் தகவலையே பிடித்துக் காட்டும். இரண்டையும் அனுமதி பெற்ற நெட்வொர்க்கில் மட்டுமே ஓட்ட வேண்டும். அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் அனுமதியின்றி நுழைவது நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். விளையாட்டு வினையாகிவிடும்.

மாற்றும் கருவிகள்

1. எஸ்எஸ்எச். தொலைவில் உள்ள சர்வரை இங்கிருந்தே இயக்கும் வழி. முன்பு டெல்நெட் என்று ஒன்று இருந்தது. அதில் பாஸ்வேர்டு திறந்த போஸ்ட் கார்டு மாதிரி போகும், வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 1995-இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடு போனபோது, அங்கிருந்த தாத்து யுலோனன் எழுதியதுதான் எஸ்எஸ்எச். இதில் எல்லாம் பூட்டிய உறைக்குள் போகும். விண்டோஸில் இதைப் பயன்படுத்த சைமன் டாத்தம் எழுதிய புட்டி என்ற சிறு மென்பொருள் பிரபலம். இப்போது விண்டோஸிலேயே எஸ்எஸ்எச் கட்டளை வந்துவிட்டது. ஒரு யோசனை: ஒவ்வொரு சர்வரின் ஜன்னலுக்கும் வெவ்வேறு பின்னணி நிறம் வையுங்கள். நிஜ சர்வருக்குச் சிவப்பு, சோதனை சர்வருக்குப் பச்சை. இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

2. ரோபோகாப்பி. என்னைக் கவிழ்த்தாலும் நல்ல கருவிதான். குற்றம் கத்தியில் இல்லை. இதில் எல் என்ற ஸ்விட்ச் ஒன்று உண்டு. அதைச் சேர்த்தால் என்னென்ன செய்யப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும், ஒன்றையும் தொடாது. அந்த ஓர் எழுத்தை அன்று சேர்த்திருந்தால் இந்தக் கட்டுரையே பிறந்திருக்காது. எப்போதும் முதலில் எல் போட்டு ஓட்டுங்கள். பட்டியலைப் படியுங்கள். பிறகு எல்லை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் ஆர்சிங்க் கட்டளையிலும் என் என்ற ஸ்விட்ச் இருக்கிறது. அதுவும் ஒத்திகைதான்.

ரோபோகாப்பியில் இன்னொரு வேடிக்கை. ஒரு ஃபைலைக் காப்பி செய்ய முடியவில்லை என்றால், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 10 லட்சம் தடவை முயற்சி செய்யும். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 கோடி விநாடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி என்றால் சுமார் 347 நாள்! பூட்டிக் கிடக்கும் ஒரே ஒரு ஃபைலுக்காக ஏறக்குறைய ஒரு வருடம் நிற்கும். எனவே ஆர் ஸ்விட்சில் 2, டபிள்யூ ஸ்விட்சில் 5 என்று நாமே கொடுத்துவிட வேண்டும்.

நகல் இருக்கிறதா? திறந்து பார்த்தீர்களா?

பெரிய இடங்களிலும் இப்படி நடக்குமா என்று தேடியபோது கிட்லேப் நிறுவனத்தின் கதை கிடைத்தது. 31.1.2017 அன்று இரவு, அங்கே ஒரு பொறியாளர் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இடையே இருந்த கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்தார். துணைச் சர்வரில் இருப்பதாக நினைத்து அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். அது முதன்மைச் சர்வர். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். (ஜன்னலுக்கு நிறம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அவர்களும் பிறகு முடிவு செய்தார்கள்.)

சரி, நகல் இருக்குமே என்று போய்ப் பார்த்தார்கள். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தும் அவசரத்துக்கு ஒன்றும் உதவவில்லை. தினமும் நகல் எடுக்க வேண்டிய புரோகிராம், டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 புராஜெக்ட்டுகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. நடந்ததை ஒளிக்காமல் அந்த நிறுவனமே உலகத்துக்கு எழுதி வைத்தது. அதனால்தான் எங்கோ ஒரு பாலிடெக்னிக்கில் இருக்கும் நான் அதைப் படித்தேன்.

நகல் எடுப்பதற்கு 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள். 3 பிரதிகள், 2 வேறு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு இடத்தில். இதைப் பிரபலப்படுத்திய பீட்டர் க்ரோ ஒரு புகைப்படக் கலைஞர். இதோடு நாங்கள் லேபில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, நகலிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பார்ப்போம். திறந்தால்தான் அது நகல். முதல் மாதமே ஒரு ஃபைல் திறக்கவில்லை. அன்றைக்கே கண்டுபிடித்ததால் மறுபடி எடுத்து வைத்தோம்.

செலவில்லாத கருவி

கடைசியாக ஒன்று. இதற்கு மென்பொருள் வேண்டாம், ஒரு குயர் நோட்டுப் போதும். தேதி, எந்தக் கம்ப்யூட்டர், என்ன கோளாறு, என்ன கட்டளை கொடுத்தேன், என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கோளாறு வரும்போது அந்த நோட்டு நமக்கே வாத்தியாராகும். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பிப்ரவரி மாதத்துக் கட்டளையை அப்படியே எழுதி, மேலே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இறுதி ஆண்டுக்கு வந்திருக்கும் நண்பர்களே, இந்த வருடம் நம் புராஜெக்ட்டுகளும் அதே சர்வரில்தான் இருக்கின்றன. பாஸ்வேர்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சார் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. இருந்தாலும் என்னை மட்டும் நம்ப வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் ரிப்போர்ட்டை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.